கண்டலம குளத்தில் ‘வலி’ என்றால்

மகள் பல்கலைக்கழகம் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஆகஸ்டில் ஒரு நாளாவது எங்காவது போய் வருவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். என் கணவர் சிவாவுக்கு மாத்தளை டவுனில் மிளகுக் கடை. அதை மூட வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏ9 வீதியில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். அங்கிருந்து கண்டலம குளம் ஏழெட்டு கிலோமீட்டர், ஆட்டோதான் வசதி. பகலில் குகைக் கோயிலைப் பார்த்துவிட்டு, பிற்பகல் மூன்றரைக்குக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கோயில் படிகளில் ஏறும்போதே சிவா இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தார். வெயில் என்றார். நானும் அப்படியே நினைத்தேன்.

படகு என்பது இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டது. ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய். படகோட்டி ஜெகன் மூதூர்க்காரர்; கண்டலமவில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சிவாவிடமும் ஒரு துடுப்பைக் கொடுத்தார்.

“அண்ணே, எங்கட ஊர்ல துடுப்புப் போடுறத வலிக்கிறது எண்டுதான் சொல்லுவம். நான் ‘வலி’ எண்டால் ரெண்டு பேரும் ஒண்டா இழுக்கணும். ‘விடு’ எண்டால் துடுப்ப மேல எடுத்துருங்க.”

எங்கள் பக்கம் வலி என்றால் தலைவலி, பல்வலிதான். இழுப்பதற்கும் அதே சொல் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. சிவா சிரித்துக்கொண்டே முன்னால் போய் உட்கார்ந்தார். நான் நடுவில், ஜெகன் பின்னால். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவாவின் முதுகுதான்.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது காற்று எதிரே அடிக்கத் தொடங்கியது. “கச்சான் எழும்பிட்டு” என்றார் ஜெகன்; தென்மேற்குக் காற்றுக்கு அதுதான் பெயர். அலை பலகைக்கு மேலே தெறித்தது. எனக்கு நீந்தத் தெரியாது. உயிர்காப்பு அங்கியின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தேன். அது கிட்ட வருவதாகவே தெரியவில்லை.

“வலி... வலி...” என்று ஜெகன் தாளம் போலச் சொன்னார். “வலி” என்று முன்னாலிருந்து சிவாவும் சொன்னார்.

“அண்ணன் பழகிட்டார்!” என்று ஜெகன் சிரித்தார்.

மறுபடியும் சிவா “வலி” என்றார். இந்தத் தடவை ஜெகன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சிவாவின் துடுப்பும் தண்ணீரில் இல்லை. இவ்வளவு காற்றில் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

“என்னங்க, எந்த வலி?”

அவர் திரும்பவில்லை. இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்தார்.

“ஜெகன், இவருக்கு நெஞ்சு வலிக்குதுங்க!” என்று கத்தினேன்.

“விடு! அண்ணே, விடுங்க!” என்றவர், ஒரு கணம் காற்று வந்த திசையைப் பார்த்தார். பிறகு படகை எதிர்க்கரைப் பக்கம் திருப்பினார்.

“அந்தப் பக்கம் பின்னேரம் யானை வரும். எண்டாலும் காத்து நம்மளக் கொண்டுபோகும், அக்கா. கெதியாப் போயிரலாம். நீங்க அண்ணனப் புடிச்சுக்கங்க.”

கால்களுக்கிடையில் போனை வைத்துச் சிங்களத்தில் தன் மச்சானைக் கூப்பிட்டு ஆட்டோவை அந்தக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார். நான் தவழ்ந்துபோய் சிவாவின் பின்னால் உட்கார்ந்து அவரை என்மேல் சாய்த்துக்கொண்டேன். பேச வேண்டாம் என்றேன். அவர் பேசாமல் இருந்ததும் இன்னும் பயமாக இருந்தது. “ஏதாவது பேசுங்க” என்றேன்.

யானை வரவில்லை. ஆட்டோ வந்தது. தம்புள்ளை ஆஸ்பத்திரியில் ஈசீஜி எடுத்துப் பார்த்து, மாரடைப்பின் தொடக்கம் என்று மருந்து கொடுத்து, ஆம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். கடைக்குப் போக இன்னும் நான் விடவில்லை.

கண்டியில் அவர் ஓரளவு தேறியதும் கேட்டேன்: “காலையிலேயே ஒரு மாதிரி இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்ல? ஏன் சொல்லல?”

“இத்தன வருஷத்துக்கு அப்புறம் நீ ஆசப்பட்டு ஒரு ட்ரிப் போற. அதக் கெடுக்கவா?”

கண்டலம போகிறவர்களுக்கு: கச்சான் காலத்தில் காலையிலேயே படகு ஏறிவிடுங்கள், பிற்பகலில் காற்று பொல்லாதது. அங்கியைக் கழற்றாதீர்கள். யாருக்காவது நோய் இருந்தால் ஏறும் முன்பே படகோட்டியிடம் சொல்லுங்கள். அவர் பயன்படுத்தும் சொல் எதுவோ அதைக் கேட்டுக்கொண்டு, உடம்புக்கு முடியாவிட்டால் சொல்ல வேறொரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூட வருகிறவரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: பயணம் கெட்டால் கெட்டுப் போகட்டும், பாதியிலேயே திரும்பிவிடலாம் என்று. நான் சொல்லியிருக்கவில்லை.