முச்சந்தியில் எங்கள் ஜெபவீடு

சந்திரகாந்தா அக்காவுக்கு எங்கள் தோட்டத்தில் ‘அல்லேலூயா’ என்று பெயர். மிளகு பறிக்கப் போகும்போது யாராவது, “அல்லேலூயா வருது, ஓரமா நில்லுங்க, ஜெபம் பண்ணிடும்” என்பார்கள். “ஒங்களுக்கும் சேத்துத்தான் பண்றேன்” என்று சொல்லிவிட்டு அக்கா நடப்பார்.

மாத்தளை மாவட்டத்தில், அலுவிகாரைக்கு மேலே ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் தோட்டம். பதினோரு வருடங்களுக்கு முன் அக்கா ஞானஸ்நானம் எடுத்தார். கோயில் கமிட்டியில் இருந்த அவருடைய தம்பிமார் இரண்டு பேரும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தம்பி மகளின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் எல்லா வீட்டுக்கும் பாக்கு வைத்து அழைத்தார்கள். அக்காவின் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார். நான் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் ஜெபவீடு முன்பு பிள்ளைக் காம்பராவாக இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். புதிதாக ஒன்று கட்டிய பிறகு, தோட்டத்துரை பழையதை எங்கள் சபைக்குக் கொடுத்தார். மேல் லயத்துப் பாதை, கீழ் லயத்துப் பாதை, மாத்தளை ரோடு மூன்றும் சந்திக்கும் இடத்தில், ரோட்டைவிடக் கொஞ்சம் பள்ளத்தில் அது இருக்கிறது. கூரைத் தகரத்தை அக்காவும் நானும் தலையில் வைத்துத்தான் சுமந்து வந்தோம். கூட்டிப் பெருக்குவது, பாய் விரிப்பது, உட்காரும் வாங்குகளைத் துடைப்பது எல்லாம் அக்காவின் வேலை. நாற்பத்தொரு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, ஜெபவீட்டுப் படியில் குங்குமம் தடவிய அரை எலுமிச்சங்காய் ஒன்று கிடந்தது. சனிக்கிழமை இன்னொன்று. அடுத்த வாரம் கரி பூசிய முட்டை. அக்கா வெறுங்கையால் எடுத்து வாழையடியில் போட்டார். ஆனால் கிருஷாந்தினி பார்த்துவிட்டாள். கைக்குழந்தைக்காரி. படியில் கால் வைத்த அன்று பின்னேரமே குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சுகமாகிவிட்டது, ஆனால் அவள் ஜெபவீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு சபைக்கு வரும் சிவலிங்கம் அண்ணனின் காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தது. சபைக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது.

மாத்தளையிலிருந்து வரும் பாஸ்டர் கிஷாந்த் ஏழு நாள் உபவாசம் வைத்தார். நிலைக்கதவில் எண்ணெய் பூசி, சாத்தான் சபையை எதிர்க்கிறான் என்று சத்தமாக ஜெபித்தார். எட்டாம் நாளும் எலுமிச்சங்காய் கிடந்தது. வருகிறவர்கள் பதினைந்தாகி, பிறகு ஒன்பதானார்கள். ஒன்பது பேருக்காக வந்துபோக முடியாது, ஜெபவீட்டை மூடுவோம், விருப்பமானவர்கள் மாத்தளைச் சபைக்கு வரட்டும் என்று பாஸ்டர் முடிவெடுத்தார். வாங்குகளை ஏற்ற அடுத்த ஞாயிறு லொறி வரும் என்றார்.

மாத்தளைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அக்காவுக்கு முழங்கால் மடங்காது. சொந்தங்களை விட்டு அவர் பிடித்துக்கொண்ட ஒரே இடம் இந்த ஜெபவீடு. அந்த வாரம் முழுக்க அவர் அழவில்லை. யோசித்துக்கொண்டே மிளகு பறித்தார்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது என்னிடம், “ஏன்டி, இது எல்லாமே புதனும் சனியும்தானே கெடக்குது?” என்றார்.

ஆமாம் என்றேன். எனக்கும் அது தெரியும், சொல்லத் தைரியம் வரவில்லை.

முந்தின நாள் இருட்டும்போதுதான் யாரோ போட வேண்டும் என்று, அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் இருவரும் ஜெபவீட்டுக்குள் ஜன்னலை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்தோம். மேல் லயத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். யாரென்று நான் எழுதப்போவதில்லை. அவர் வீட்டுப் பிள்ளை நோஞ்சான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முச்சந்தியின் நடுவில் நின்று எலுமிச்சங்காயை வெட்டி, இரண்டு பக்கமும் வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். கண்ணேறு கழித்தால் திரும்பிப் பார்க்கக்கூடாது அல்லவா. அதனால் அந்த அம்மாவுக்குப் பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. ஒரு பாதி ரோட்டிலே நின்றது. மற்றப் பாதி உருண்டு உருண்டு வந்து எங்கள் படியில் முட்டி நின்றது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முன்பு அது மண்ரோடு. போட்டது போட்ட இடத்தில் கிடக்கும். அந்த வருடம்தான் கொங்கிரீட் போட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை லொறி வந்து நின்றது. இரண்டு வாங்குகளை ஏற்றியும் விட்டார்கள். கடைசி ஆராதனை என்று கேள்விப்பட்டு முப்பது பேருக்குமேல் ரோட்டில் நின்றார்கள், உள்ளே வரவில்லை. பாஸ்டர் கடைசி ஜெபத்துக்கு எழுந்தபோது அக்காவும் எழுந்தார். சபையில் அவர் ஒருநாளும் பேசியதில்லை.

வாசலுக்குப் போய், வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, பார்த்ததைச் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் கழிப்புக் கழிக்கிற நாள், இது முச்சந்தி, நம் அப்பன் காலத்திலிருந்தே இங்கேதான் போடுகிறார்கள், நாம்தான் பிறகு வந்தோம் என்றார்.

“யாரு சிஸ்டர் அது?” என்று பாஸ்டர் கேட்டார்.

“பேரு எதுக்கு பாஸ்டர்? புள்ளைக்குச் சொகமில்லன்னு ஒரு தாய் செய்யிறது. அந்தப் புள்ளைக்கு ஜெபம் பண்ணுங்க.”

சிவலிங்கம் அண்ணன் ரோட்டில் நின்றபடி, “அப்ப ஏங் காலுப் புண்ணு? அதுவும் உருண்டு வந்துச்சா?” என்றார்.

“அண்ணே, ஒங்களுக்குச் சீனி வருத்தம். கிளினிக்ல மருந்து குடுத்தா ஒழுங்கா குடிக்கிறீங்களா?”

அவருடைய மனைவிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பாஸ்டர் சிரிக்கவில்லை. அப்படியானால் சாத்தானுடைய எதிர்ப்பு என்பது ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். நல்ல மனிதர், ஏழு நாள் பட்டினி கிடந்தவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அக்கா ரோட்டில் நிற்பவர்களைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இருக்கு பாஸ்டர். எலுமிச்சங்காயில இல்ல. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது பாருங்க நம்ம காலு, அதுல இருக்கு. என் தம்பிமாரு பேசாம இருந்தப்பகூட இந்த இடம் கொறையல. நாம பயந்துதான் கொறைஞ்சோம்.”

கூட்டத்தின் ஓரத்தில் குழந்தையோடு நின்ற கிருஷாந்தினி மெதுவாக இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்றுவிட்டாள். அக்கா குழந்தையை வாங்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. கொஞ்சம் விலகி வழிவிட்டார், அவ்வளவுதான். கிருஷாந்தினி தானாகவே கால் வைத்து உள்ளே வந்தாள்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். எல்லோரும் அல்ல; பத்துப் பன்னிரண்டு பேர் ரோட்டோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள், இன்றைக்கும் வரவில்லை. உள்ளே வந்தவர்களுக்கு உட்கார இடம் போதவில்லை. பாஸ்டர் சுற்றிப் பார்த்தார். வெளியே போய் லொறிக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். லொறிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே பின்கதவைத் திறந்தார்.

ஏற்றிய வாங்குகளை இறக்க ஆள் கூப்பிடுமுன், சிவலிங்கம் அண்ணன் நொண்டி நொண்டிப் போய் ஒரு முனையைப் பிடித்துவிட்டார். மறுமுனையை சந்திரகாந்தா அக்கா பிடித்தார்.