கால்வாய்க்கரையில் கேட்ட தண்ணீர்

1953 வைகாசியில் ஒரு சனிக்கிழமை நடுப்பகல். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கால்வாய்க்கரையில், ஒரு பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு நினைவு இல்லை. உடம்பு கொதித்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. அந்த வெயிலுக்கு அவனைக் கூட்டிவந்தவன் நான்தான். சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். பதினாறு வயதில் கப்பலேறி ரங்கூன் துறையில் மூட்டை சுமந்தேன். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது மனைவியோடு நடந்தே திரும்பினேன். வழியில் அவள் தண்ணீர் கேட்டாள். என்னிடம் இல்லை. அவளைக் காட்டு மண்ணில் அடக்கம் செய்துவிட்டு மேலே நடந்தேன். அன்றைக்கு ஜெபத்தை விட்டேன். பிறகு பல ஊர் அலைந்து, சதுரங்கப்பட்டினத்துச் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டும் கூலிக்கு வந்தேன். கோயிலுக்குப் போவேன், பாட்டுக்கு வாயசைப்பேன், அவ்வளவுதான். நாலு இடம் பார்த்தவன் என்று போதகர் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளை என்னிடம் விட்டார்.

அந்த வருஷம் ரங்கூனிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தெருவுக்கு வந்தது. தாய், தகப்பன், பத்து வயது மார்த்தா. எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து இவர்களுக்குக் கொடுத்தார் போதகர். தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. வீட்டில் கேட்டதைப் பிள்ளைகள் வகுப்பில் பேசினார்கள்.

“புடி அரிசி வந்துகினு கீதுடா, தள்ளி குந்து” என்பான் சாமுவேல். மற்றவர்கள் சிரிப்பார்கள். மார்த்தா பாயை விட்டுத் தரையில் உட்காருவாள்.

ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டதைச் சொன்னேன். யாக்கோபின் மக்கள் பஞ்சத்தில் எகிப்துக்குப் போனதைச் சொன்னேன். குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் எல்லை கடந்ததைச் சொன்னேன். நம் ஆட்கள் ஏன் பர்மாவுக்குப் போனார்கள், காணி நிலம் இல்லாதவன் வேறெங்கே போவான் என்றும், யுத்தத்தில் நாங்கள் எப்படி நடந்தே திரும்பினோம் என்றும் சொன்னேன். சாமுவேல் கொட்டாவி விட்டான்.

“நடந்து வர்றது இன்னா பெரிய வேலையா வாத்தியாரே? நாங்க மாபலிபுரம் வரிக்கும் நடப்போம்.”

எனக்குச் சுருக்கென்றது. நடந்தால்தான் இவர்களுக்குப் புரியும் என்று எட்டுப் பிள்ளைகளோடு மாபலிபுரம் நோக்கிக் கிளம்பினேன். ஒரே ஒரு குடம் தண்ணீர். பர்மாவிலிருந்து நடந்தபோது எங்களுக்கு அதுவும் இல்லையே என்கிற வீம்பு. பிள்ளைகளின் காலை என் காலால் அளந்துவிட்டேன். பாதி வழியில் குடம் காலி. கடற்கரை மணல் சுடுகிறதென்று உள்ளே திரும்பிக் கால்வாய்க்கு வந்தோம். அங்கே சாமுவேல் விழுந்தான். கால்வாய் நிறையத் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு.

மறுபடியும் தண்ணீர் இல்லை. மறுபடியும் மடியில் ஓர் உயிர். பதினோரு வருஷத்துக்குப் பிறகு வாய் திறந்தேன். “ஆண்டவரே, குற்றம் என்னுடையது. இந்தப் பிள்ளையை விட்டுவிடும்.”

வடக்கே ஒரு பாய் தெரிந்தது. மதராஸில் விறகு இறக்கிவிட்டுத் திரும்பும் படகு. எதிர்க்கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேற்றாளிடம் எதையும் கேட்டுப் பழகாதவர்கள். நானும் பையனை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மார்த்தா ஓடினாள். பாவாடையோடு இடுப்பளவு நீரில் இறங்கிக் கைகளை வீசினாள். ரங்கூனில் தெலுங்கர்கள் நடுவே வளர்ந்தவள். படகுக்காரரின் தலைப்பாகையைப் பார்த்து, தண்ணீர் கேட்டுத் தெலுங்கிலேயே கத்தினாள்.

“நைனா! நீள்ளு! நீள்ளு, நைனா!”

படகு திரும்பியது. படகுக்காரர் மண்பானையோடு இறங்கி வந்து, எங்களைப் பார்த்துத் தமிழில் கேட்டார். “இன்னா பாப்பா பேஜாரு? யாரு இந்தப் பையன், உன் அண்ணனா?”

மார்த்தா சாமுவேலைப் பார்த்தாள். “இல்ல. எங்க ஊரு பையன்” என்றாள்.

ஈரத்துணி சுற்றினோம். விசிறினோம். வெயில் தாழ்ந்தபோது சாமுவேல் கண் விழித்தான். பிறகு சொட்டுச் சொட்டாக அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார் படகுக்காரர். எங்களையெல்லாம் படகில் ஏற்றி ஊரில் இறக்கிவிட்டார்.

“நீயெல்லாம் ஒரு வாத்தியாரா? எம்புள்ளைய சாவடிக்கப் பாத்தியே!” என்று சாமுவேலின் தாய் என்னை நடுத்தெருவில் ஏசினாள். நியாயம்தான். மறுநாள் அவளே, கோயிலுக்கு எடுத்து வைத்த அரிசிப் பானையை மார்த்தாவின் வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த வாரம் வகுப்பில் சாமுவேல் பாயில் நகர்ந்து மார்த்தாவுக்கு இடம் விட்டான். “குந்து” என்றான்.

என் மனைவிக்கு ஏன் தண்ணீர் கிடைக்கவில்லை என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு முழங்காலில் நின்று அவள் பெயரைச் சொல்லி அழுதேன். ஸ்தோத்திரமும் சொன்னேன். ரங்கூனை விட்டபின் ஓரிடத்தில் ஒரு வருஷம் தங்காதவன், நான்கு வருஷமாக இதே ஊரில் இருக்கிறேன். இப்போதும் பிள்ளைகளுக்கு ஆபிரகாமைச் சொல்கிறேன். கூடவே மார்த்தாவையும் சொல்கிறேன்.

என்னைப்போல் ஜெபத்தை விட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒன்று சொல்வேன். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பெண் தண்ணீரில் இறங்கிக் கேட்டாளே, அப்படிக் கேளுங்கள். ஆண்டவர் படகைத் திருப்புவார்.