மூடுபனியில் மகன், லேப்டாப்பில் எரர்

போன சனிக்கிழமை மதியம் என் மகன் கொடைக்கானல் பக்கம் ஒரு காட்டில் வழி தவறி நின்றான். பழனியில் இருந்த நான் அப்போது என்ன செய்தேன்? ஒரு ஸாஃப்ட்வேரோடு சண்டை!

வீடியோ காலில்தான் கூப்பிட்டான். “அப்பா, ஒரே மூடுபனியா கெடக்கு. பாதையே தெரியல. சார்ஜும் போகப்போ...” கட். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை மட்டும் தெரிந்தது. பிறகு கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

ஆனால் ரெக்கார்டிங் இருந்தது! அவன் ஹாஸ்டலுக்குப் போன நாள் முதல் ஒவ்வொரு வீடியோ காலையும் லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்து வைக்கிறேன். கவலைப்படுகிற அப்பாவுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

மலை ஏறக் காலையில் அவனைப் பேத்துப்பாறை கிராமத்தில் இறக்கிவிட்ட ஜீப் டிரைவரைப் போனில் பிடித்தேன். “வீடியோல்லாம் இங்க வராது சார். அந்தப் பாறையை ஒத்தப் போட்டோவா வெரசா அனுப்புங்க. எடத்தைச் சொல்லிருவேன்.”

அவ்வளவுதானே? வீடியோவை நிறுத்தி, ‘படமாகச் சேமி’யை அமுக்கினேன். ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்றது. ஏதோ! என்னவென்று அதற்கே தெரியாதாம். ரீஸ்டார்ட் செய்தேன். உதவிப் பக்கத்தைத் திறந்தேன் — எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. ரொம்ப நேரம் கழித்துத்தான் புரிந்தது... டிஸ்க்கில் இடமில்லை. மொத்த இடத்தையும் அடைத்திருந்தது என் மகன்.

சரி, பழசை அழிக்கலாம். ஹாஸ்டல் இட்லியைத் திட்டும் வீடியோ... இதையா அழிப்பது? காய்ச்சலில் படுத்திருந்தது... பாவம், இருக்கட்டும். புதிதாக முடி வெட்டிக் காட்டியது...

என் மனைவி உள்ளே வந்தாள். “புள்ள காட்டுல நிக்கிறான். நீங்க உக்காந்து அவன் முடிவெட்டுனதைப் பாக்குறீங்களா? தள்ளுங்க அங்கிட்டு!”

பாறை தெரியும் இடத்தில் வீடியோவை நிறுத்தினாள். லேப்டாப் திரையைத் தன் செல்லில் ஒரு போட்டோ எடுத்தாள். அனுப்பினாள். அரை நிமிட வேலை. இரண்டு டிகிரி வாங்கிய எனக்கு முக்கால் மணி நேரமாக இது தோன்றவில்லை!

“நம்ம பூண்டுத் தோட்டத்துக்கு மேல இருக்க பாறைதான் சார். கெளம்பிட்டேன்” என்றார் டிரைவர். இருட்டுவதற்குள் மகன் ஜீப்பில் ஏறிவிட்டான்.

பனியில் ஒரு மகன் நிற்க, நான் ஃபைலில் இருந்த மகனை அல்லவா காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?

“ரெக்கார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவன்கிட்ட பேசுனாப் போதும்” என்று மனைவி உத்தரவு போட்டிருக்கிறாள்.

மணிக்கொரு தரம் கூப்பிடுகிறேன். அவன்தான் எடுப்பதில்லை.