விளங்காத மொழியில் ஒரு சபை

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனியிலுள்ள டோர்ட்மண்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் வயிற்றிலிருந்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தவறிப்போனது. அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்குத் தமிழ்ச் சபைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அங்கே எல்லோரும் அன்பானவர்கள்தான். அந்த அன்போடுதான் ஒவ்வொருவரும் கேட்டார்கள், எந்த டொக்டர் பார்த்தார், பாரம் ஏதும் தூக்கினேனா, அடுத்தது எப்போது என்று.

ஒரு ஞாயிறு பின்னேரம் நானும் கணவரும் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வழியிலிருந்த தேவாலயத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. உள்ளே போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தோம். ராகம் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ராகம். சொற்கள் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. என் ஜெர்மன் இவ்வளவு மோசமா என்று திகைத்துப்போனேன்.

"இது டொச் பாஷையே இல்லையப்பா," என்றார் கணவர் காதுக்குள். "யப்பான்காரர்."

எழும்பிப் போவதற்குள் முன்னாலிருந்த பெண்ணொருவர் திரும்பி, குனிந்து வணங்கி, தன் பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் விரித்து நீட்டினார். கணவர் அதை வாசிக்கத் தெரிந்தவர்போலப் பிடித்துக்கொண்டு தமிழில் மெல்லப் பாடினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. உடனே, சிரிக்கலாமா என்றும் இருந்தது.

ஆராதனை முடிய சோறும் கறியும் தந்தார்கள். கறி இனித்தது. தன் கணவரின் வேலைக்காக இங்கே வந்தவராம் அந்தப் பெண். அவருடைய ஜெர்மனும் எங்களுடையதைப் போலவே தடுமாறியது. அதனாலோ என்னவோ, அவர் சொன்னதெல்லாம் விளங்கியது.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனோம். எங்களுக்கு வீடு தேடித்தந்த, தமிழ்ச் சபையிலிருக்கும் அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"யப்பான் சேர்ச்சுக்கோ போறியள்? அந்தப் பாஷை விளங்குமோ?"

"இல்லை அக்கா."

"அப்ப என்னத்துக்கு? நாங்கள் ஏதும் பிழையாக் கதைச்சிட்டமோ?"

"ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை."

அடுப்பில் சோறு இருக்கிறதென்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது அந்த ஜப்பானியப் பெண், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இங்கேயும் கேட்டுவிட்டார்களே என்றிருந்தது. தவறிப்போனதற்கு ஜெர்மனில் என்ன சொல் என்று தெரியாமல், "என் பிள்ளை போய்விட்டது" என்றேன். ஊருக்குப் போய்விட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"இப்போது யாரோடு இருக்கிறது?"

எப்படித் திருத்துவதென்று தெரியவில்லை. "கடவுளோடு," என்றேன்.

அவர் தண்ணீரை நிறுத்தினார். பிறகு அழத் தொடங்கினார். ஈரக் கையோடு நான்தான் அவருடைய தோளைத் தடவிக்கொண்டு நின்றேன். தமிழ்ச் சபை அக்காமார் கேட்டபோது வந்த கோபம் இவர் கேட்டபோது ஏன் வரவில்லை? வீடு வரும்வரை யோசித்தேன். பிள்ளை போனதைக் கேட்டபோது, வீடு தேடித்தந்த அக்காவும் இப்படி அழுதிருப்பாரோ? நான் அவருடைய முகத்தையே பார்க்கவில்லையே.

மறுநாள் அக்காவுக்கு நானே அழைப்பெடுத்தேன். இப்போது தமிழ்ச் சபைக்கும் இடைக்கிடை போகிறோம்.

கணவர் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறார். என்னையும் வரச் சொல்கிறார். எனக்குப் பயமாயிருக்கிறது. அவர்கள் பேசுவது விளங்கத் தொடங்கினால், அங்கேயும் போக மனம் வராமல் போய்விடுமோ?