மாமாவின் கண்ணாடி நடை

என் மாமா குடியை விட்ட வருஷத்தில்தான் கண்ணாடியும் போட்டார். இரண்டையும் வெவ்வேறு வருஷத்தில் செய்திருந்தால் எங்கள் வீட்டில் அத்தனை கலவரம் நடந்திருக்காது.

மாமா என் அம்மாவின் அண்ணன். அமிர்திக்குப் போகிற சாலையில், காடு தொடங்குவதற்குச் சற்று முன்னால் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வேலிக்குள் இருந்தன. அவருடைய பிள்ளைகள் ஆரணியில் விடுதியில் தங்கிப் படித்ததால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அத்தைக்குப் பிள்ளையாகிவிடுவேன். தலை பின்னிவிடுவது, வறுத்த வேர்க்கடலையைத் தோல் ஊதிக் கொடுப்பது, நான் சொல்லும் பள்ளிக்கூடத்துப் பொய்களை நம்புவது எல்லாம் அத்தைதான். அம்மாவுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

குடிகாரர்களில் மாமா சாது. யாரையும் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். சந்தோஷம் தாங்காமல் ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி, நன்றாக இருக்கிற டயருக்கும் காற்று அடித்து அனுப்புவார். அத்தை பல வருஷம் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு ஒருநாள் சத்தமே போடாமல் தன் புடவைகளை ஒரு பச்சைப் பையில் மடித்து வைத்து, வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"இன்னொரு வாட்டி குடிச்சிட்டு வந்தீங்கன்னா இந்தப் பையும் இங்க இருக்காது, நானும் இருக்க மாட்டேன். எங்க அம்மா வூட்டுக்குப் போய்ட்டே இருப்பேன்."

அத்தை கத்தியிருந்தால் மாமா வழக்கம்போல் சிரித்திருப்பார். அமைதியாகச் சொன்னதில் ஆடிப்போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டார். அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டு குடித்தால் அம்மன் கை காலை முடக்கிப் போட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் ஆணியைத்தான் பார்ப்பேன். பை தொங்கினால் அத்தை இருக்கிறார் என்று அர்த்தம்.

குடி போனதும் மாமாவின் கண் கோளாறு வெளியே வந்தது. டியூபைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வருகிற இடம் அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் செக்கப் செய்வதுபோல் டியூபைக் காதில் வைத்துக் கேட்டார். தூரமும் சரியில்லை, வருகிற பஸ்ஸை லாரி என்றார். வேலூரில் கண்ணைச் சோதித்து, கண்ணமங்கலத்தில் ஒரு கடையில் கண்ணாடி செய்யக் கொடுத்தார்கள். மேலே தூரத்துக்கும், கீழே பிறைபோல ஒரு துண்டு கிட்டத்துக்குமாக இருக்கிற கண்ணாடி. எங்கள் ஊரில் அதை டபுள் கிளாஸ் என்பார்கள்.

அதைப் போட்டுக்கொண்டு மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த அழகை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சமதரையில் இல்லாத படிகளில் ஏறினார். முழங்காலை மார்புவரை தூக்கி, காலை எங்கே வைப்பது என்று யோசித்து, பிறகு பொத்தென்று வைத்தார். வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"இன்னாங்க இது நடை?" என்றார் அத்தை.

"தரை மேல வருதுடி."

பழைய நாட்களில் மாமா அடிக்கடி சொன்ன வாக்கியம் அது. அத்தையின் முகம் சுண்டிப்போனது. என் அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "கயிறு கட்டிக்கினு குடிச்சிட்டான், அம்மன் காலைப் புடிச்சிருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூடப் பிறந்தவளே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"கண்ணாடி போட்டதுல இருந்துதாண்டி இப்படி. சத்தியமா நான் தொடலடி" என்றார் மாமா.

"கண்ணாடி கண்ணுலதான கீது? கால் இன்னாத்துக்குத் தடுமாறுது?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, குனிந்து தன் காலைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து எனக்கு உத்தியோகம் கிடைத்தது. மாமா வீட்டுக்குள் வருமுன் நான் வாசலில் நின்று, "ஊதுங்க மாமா" என்று சொல்ல வேண்டும். அவர் குனிந்து என் மூக்கில் ஊதுவார். ஒருநாள் பூண்டு மணக்கும், ஒருநாள் வெற்றிலை மணக்கும். நான் உள்ளே போய் அறிக்கை கொடுப்பேன். "கொய்யா எல வாசனை வந்துச்சா?" என்று அத்தை குறுக்கு விசாரணை செய்வார். கொய்யா இலையை மென்றால் சாராய வாடை தெரியாதாம். இல்லை என்றால், "அப்போ வேற இன்னாவோ மெல்றாரு" என்பார். வாடை வராததும் குற்றமாகிவிட்டது.

மாமாவுக்குத் தலைவலி வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. கழற்றி வைத்தால் குமிழி தெரியாது, மாட்டினால் தரை எழும்பும். "புதுச் செருப்பு கடிக்காதா, பழகினா சரியாப் போயிடும்" என்று என் அப்பா தைரியம் சொன்னார். மாமா பழகப் பழக இன்னும் உயரமாகத்தான் காலைத் தூக்கினார். ஒரு சாயங்காலம் அத்தை ஆணியிலிருந்த பையை இறக்கி, ஒரு போர்வையும் சேர்த்து மடித்து வைத்து, மறுபடி மாட்டினார். போர்வையைக் கண்டதும் நான் அழுதே விட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா மதியம் தூங்கும்போது அவர் தலைமாட்டிலிருந்த கண்ணாடியை எடுத்து நான் மாட்டிப் பார்த்தேன். என் முகத்துக்கு அது பெரிசு, கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் தரை என் முழங்காலுக்கு வந்துவிட்டது. வாசற்படி எங்கேயோ மிதந்தது. அதைத் தாண்டக் காலைத் தூக்கியபோது அத்தை பார்த்துவிட்டார்.

"அத்தே, எனக்கும் தரை மேல வருது."

அத்தை கண்ணாடியைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டார். ஒரு கையில் குடம் வேறு. முற்றத்தில் இறங்கி ஒரு காலைத் தூக்கினார், வைத்தார். மறு காலை அதைவிட உயரமாகத் தூக்கினார். குடம் சாய்ந்து பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் கீரை கிள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி, நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மாமாவுக்கு முட்டைக் குழம்பு கிடைத்தது.

மறுநாளே மூன்று பேரும் கண்ணமங்கலம் போனோம். சாட்சி சொல்ல என்னையும் அழைத்துப் போனார்கள். கடைக்காரர் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கண்ணாடியை ஒத்துப் பார்த்தார். பவர் சரியாகத்தான் இருந்தது. மாமாவை நேராக நிற்க வைத்து, கண்ணாடியில் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கீழ்த்துண்டை மிகவும் மேலே ஏற்றி வைத்துவிட்டார்கள். படிக்கிற கண்ணாடி வழியாக மாமா ரோட்டைப் பார்த்திருக்கிறார்.

"புதுக் கண்ணாடி ரெண்டு மூணு நாள் ஒரு மாதிரிதான் இருக்கும்" என்றார் கடைக்காரர். "அதுக்கு மேலயும் தலை வலிச்சா, தரை ஆடினா, கண்ணுல தண்ணி வந்தா, பழகிடும்னு வூட்லயே வெச்சிக்கினு கஷ்டப்படக் கூடாது. நேரா இங்க எடுத்துக்கினு வந்துடணும். அப்புறம், நடக்கும்போது கண்ணை மட்டும் கீழ இறக்காதீங்க, தலையைக் குனிஞ்சு பாருங்க."

நான் அதைப் பாடம்போல மனப்பாடம் செய்துகொண்டேன்.

துண்டைக் கீழே இறக்கிப் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். மாமா மனிதர்போல நடந்தார். ஆனால் கடைக்காரர் பேச்சைத் தட்டாமல் எங்கே போனாலும் தலையைக் குனிந்தே போனார். கயிறு கட்டியபின் எப்பேர்ப்பட்ட ஆளும் எவ்வளவு பணிவாகிவிட்டான் பார் என்று ஊரே அம்மனைக் கும்பிட்டது. அத்தை பையிலிருந்து போர்வையை மட்டும் எடுத்து உள்ளே வைத்தார். பை ஆணியிலேயே இருந்தது.

காணும் பொங்கலன்று மாமா கூட்டாளிகளோடு அமிர்தி அருவிக்குப் போனார். விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி வந்தார். வேலிப் படலைத் தாண்டும்போதே பார்த்தேன். முழங்கால் மார்புவரை ஏறி இறங்கியது. சட்டைப் பையிலிருந்து அம்மன் கயிறு எட்டிப் பார்த்தது. மணிக்கட்டில் அது இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

அத்தை கேட்பதற்கு முன்னால் மாமாவே சொன்னார்:

"கண்ணாடி... சரியில்லடி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டி.வி. மேலே அவருடைய கண்ணாடி காலையிலிருந்து கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டினேன்.

"நீங்க கண்ணாடியே போட்டுக்கினு போகல மாமா. அதான் இப்படி. இந்தாங்க."

பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். அத்தை ஆணியிலிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, மாமாவின் காதுகளில் மெதுவாக மாட்டிவிட்டு எதிரே நின்றார்.

"இப்ப நல்லாப் பாத்துக்க" என்றார். வழக்கமாக வருகிற 'ங்க' வரவில்லை.

மாமா பார்த்தார். பையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு கன்னத்தில் வழிந்தது. எனக்குப் பதறிவிட்டது.

"அத்தே, கண்ணுல தண்ணி வருது! பவர் சரியில்ல. வூட்லயே வெச்சிக்கினு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்னாரு இல்ல? எடுத்துக்கினு போய்க் காட்டலாம் அத்தே."

அத்தை என்னையே பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு, "ஆமா, கொண்டுபோய்க் காட்டணும்" என்றார். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் கிளம்பிப் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்தபோது மாமாவின் மணிக்கட்டில் புதுக் கயிறு, நெற்றியில் குங்குமம். கண்ணாடியைத்தான் நான் முதலில் வாங்கிப் பார்த்தேன். அதே பிரேம், அதே பிறைத்துண்டு, ஓரத்தில் அதே கீறல். பழைய கண்ணாடியையே துடைத்துக் கொடுத்து இருவரையும் ஏமாற்றி அனுப்பிவிட்டார் என்று அந்தக் கண்ணமங்கலத்துக் கடைக்காரர்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது.