அண்ணி பிடித்த மீன், அண்ணன் வாங்கிய கோப்பை

என் அண்ணியை ஊரில் பாதிப் பேர் ‘கொக்கு’ என்றுதான் சொல்வார்கள். இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் அசையாமல் நிற்பார். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

கடை லீவு என்றால், விடிந்ததும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு மலையாற்றுக்குக் கிளம்பிவிடுவார். ட்ரவுட் மீன் பிடிக்க. புழுவைக் குத்திப் போட்டுவிட்டுக் கரையில் கொட்டாவி விடுகிற வேலை இல்லை இது. சேவல் இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி கட்ட வேண்டும். நீளச் சரடைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் பூப்போல இறக்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் மீன் ஓடியே போய்விடும்.

என் அண்ணன் பஸ் டிரைவர். அவனுக்கு மீன் வாடையே ஆகாது. மூத்தவனை அவன் இவன் என்கிறேனே என்று நினைக்காதீர்கள், கோபத்தில் அப்படித்தான் வருகிறது.

ஊரில் ஆற்று மீன் கிளப் ஒன்று உண்டு. குடும்பத்துக்கு ஒரு உறுப்பினர், அதுவும் வீட்டு ஆண்பிள்ளை பேரில்தான். எங்கள் வீட்டில் அண்ணன் பேர்; போட்டியில் வீட்டில் யார் பிடித்தாலும் கணக்கு அவன் பேரில். மாற்றச் சொல்லி அண்ணி கேட்கும்போதெல்லாம் கிளப் செயலாளரான மருந்துக்கடைக்காரர் சிரிப்பார். “யார் பேர்ல இருந்தா என்னம்மா? ரெண்டும் ஒண்ணுதானே?”

அந்த வருடப் போட்டியன்று, விலை உயர்ந்த தூண்டில் வைத்திருந்தவர்கள் எல்லாம் பாலத்தடி மடுவை வளைத்துக்கொண்டார்கள். அண்ணி என்னையும் வலையையும் இழுத்துக்கொண்டு மேலே, பாறைகளுக்கு நடுவே போனார். ஒரு பாறை நிழலில் பெரிய மீன் ஒன்று மேலே வந்து வந்து போனது. அண்ணி போட்ட எந்தப் பூச்சியையும் அது சீண்டவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, பூச்சியின் இறக்கையைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டு மறுபடி வீசினார். கவ்வியது! சரடை உருவிக்கொண்டு கீழ்நோக்கி ஓடியது. அண்ணியும் கூடவே ஓடினார். வழுக்கி விழுந்து முட்டி கிழிந்தது. தூண்டிலை மட்டும் கையிலிருந்து விடவில்லை. கடைசியில் நான் வலையில் ஏந்தியபோது, என் கை நீளத்துக்கு இருந்தது. நடுவர் வந்து அளந்துவிட்டு, விதிப்படி ஆற்றிலேயே விட்டார்.

சாயங்காலம் கிளப் மண்டபத்தில் செயலாளர் மைக்கைப் பிடித்தார். “முதல் பரிசு, நம்ம பஸ் டிரைவர் சாருக்கு!”

அண்ணன் மறுப்பான் என்று காத்திருந்தேன். அவனோ தலைமுடியைக் கோதிக்கொண்டு மேடையேறி, கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினான். போட்டோவுக்கும் நின்றான்.

“என்ன பூச்சி சார் போட்டீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“அது ரகசியம்,” என்றான். சபையே சிரித்தது. முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார். “ஏங்க வாங்குனீங்க?”

“மைக்ல கூப்பிட்டுட்டாங்க. போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? உன் மீனுன்னு எல்லாருக்கும் தெரியுமே.”

“தெரியும்னா அப்புறம் என்ன ரகசியம்?”

“விடு. கோப்பை நம்ம வீட்லதானே இருக்கு!”

இந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அண்ணி அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. மறுநாள் கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டு, கோப்பையோடு அண்ணன் ஓட்டும் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏறுகிறவர்களிடமெல்லாம், “நம்ம டிரைவர் மீன் பிடிச்சு வாங்கின கோப்பை. எப்படிப் பிடிச்சார்னு அவரையே கேளுங்க,” என்றார். அவர்களும் விடாமல் கேட்டார்கள். போகும்போதும் கேள்வி, வரும்போதும் கேள்வி. பொழுது சாய்வதற்குள் அண்ணனின் சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டதாம். பஸ் நிலையத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து நின்று கத்தினான். “நான் பிடிக்கல! என் பொண்டாட்டி பிடிச்சது! போதுமா?”

“போதாது. கிளப்புல வந்து சொல்லுங்க.”

யூனிஃபார்மோடு போனான். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். செயலாளர் அசையவில்லை. “விதிப்படி பரிசு உறுப்பினர் பேர்லதான்மா.”

“அப்ப அடுத்த தடவை உங்க விதியையே ஆத்துல இறக்கிவிடுங்க, அது மீன் பிடிக்குதான்னு பாப்போம்,” என்று கோப்பையை அவர் மேசையில் வைத்துவிட்டு அண்ணி வெளியேறினார்.

அண்ணன் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த மட்டுக்கும் புத்தி வந்தது. கிளப் விதி மட்டும் இன்னும் மாறவில்லை. கோப்பையோடு அவன் பல்லைக் காட்டும் போட்டோ மண்டபத்தில் இன்றைக்கும் தொங்குகிறது. அண்ணி இப்போதும் ஆற்றுக்குப் போகிறார், போட்டிக்குப் போவதில்லை.

“பழசை விடேன்,” என்பார் என்னிடம். நான் விடுவதாக இல்லை. முடி வெட்டிக்கொள்ள வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். செயலாளர் மனைவி வந்தால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்வேன்.