சுவர் முடிந்த இடம்

மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருந்த பொறியாளர் சடகோபன், மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குத் தடுப்புச் சுவர் திட்டமிட்டார். பூமி சூடாகிக் கடல் மட்டம் ஏறும் என்று மேலதிகாரிகளிடம் வாதாடி, சுவரின் உயரத்தைக் கூட்ட வைத்தார்.

ஊர்க்கோடியில் இருந்த மீன் விற்கும் கமலக்கா, "சுவர் என் வீட்டுக்கு முன்னாடியே நின்னுடுதே, சார்?" என்று கேட்டாள்.

"அப்புறம் நீட்டிக்கலாம்மா" என்றார். சுவர் முடியும் இடத்தில் அலை மண்ணை அரிக்கும் என்று தெரிந்தும், நீளத்துக்காக அவர் வாதாடவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருட மழைக்காலத்தில் கடல் பொங்கியபோது ஊர் தப்பியது. கமலக்காவின் வீட்டை மட்டும் கடல் கொண்டுபோனது.

பார்க்கப் போனவரிடம், "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீட்டியிருப்பாங்க இல்லையா, சார்?" என்று கேட்டாள்.

"நீட்டியிருப்பாங்கம்மா" என்றார்.